கிட்னி மாத்திரை

"காலையிலேர்ந்து அவரு வாய்க்குள்ள என்னென்ன போச்சோ ஒண்ணு விடாம சொல்லுங்க. ஒரு வாய் தண்ணின்னாலும் சொல்லுங்க."

இரட்டைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வெளியே வந்த மயக்க டாக்டர், வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. அது அழுத்திய கோடு இரண்டு கன்னத்திலும் சிவந்து கிடந்தது. நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் மாஸ்டரை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள். இப்போது ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது.

மாஸ்டரின் மகள் எழுந்து நின்றாள். மடியில் பிரிக்காமல் வைத்திருந்த பிஸ்கட் பொட்டலம் கீழே விழுந்தது.

"ஒண்ணுமே குடுக்கல டாக்டர். பிரஷர் மாத்திரைய முந்தாநாளே நிறுத்தியாச்சு. உங்க நர்ஸ் ஃபோன்ல சொன்னாங்க, அன்னிக்கே நிறுத்திட்டோம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல..."

"கிட்னி மாத்திரை குடுத்தேனே," என்றாள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "ஒரே ஒரு முழுங்குத் தண்ணிதான். அவரு கேட்டாரு."

"கிட்னில என்ன கோளாறு அவருக்கு? ஃபைல்ல அப்படி ஒண்ணும் இல்லையே."

"கோளாறு வந்துடக் கூடாதுன்னு குடுக்கிறது. சக்கரை இருக்குல்ல, அதனால."

டாக்டர் கையை நீட்டினார். அம்மா கைப்பைக்குள் துழாவி மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். நான்கு அறை, நான்கு மூடி. ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. சக்கரை, பிரஷர், கொழுப்பு, கிட்னி. எல்லாம் மகளுடைய கையெழுத்து. ஓர் அலுவலகத்தின் பழைய கோப்புகளுக்குப் பெயர் எழுதி அடுக்கிவைப்பதுதான் அவளுக்கு வேலை. எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். மாத்திரை அட்டையில் இருக்கும் வாயில் நுழையாத பெயர்களை அம்மாவால் படிக்க முடியாது என்று, எது எதற்கு என்பதை மட்டும் எழுதி ஒட்டியிருந்தாள்.

டாக்டர் கிட்னி என்ற மூடியைத் திறந்து, உள்ளே இருந்த அட்டைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கம் படித்தார். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"இத எத்தன வருஷமா சாப்பிடுறாரு?"

"ஒம்பது வருஷம். ஒரு நாள் தவறினது கிடையாது," என்றாள் அம்மா. அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மூடியில் இருந்த எழுத்தைப் பார்த்தார். "சரிம்மா," என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீங்க மட்டும் கொஞ்சம் வாங்க," என்று மகளைக் கூப்பிட்டார்.

கதவோரம் போய் நின்றார்கள். அவர் மெதுவாகப் பேசினார். பேசிப் பேசி ஓய்ந்துபோன குரல்.

"ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சது. வால்வு மாத்தியாச்சு, அடைப்புக்கு ரெண்டு எடத்துல வேற குழாய் வச்சுத் தச்சாச்சு. இதயம் நல்லா அடிக்குது. ஆனா ரத்தம் ஓட்டுற மிஷின்லேர்ந்து எடுத்ததும் பிரஷர் விழுந்துடுச்சு. ஏறவே மாட்டேங்குது. ஒடம்புல இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் தொளதொளன்னு விரிஞ்சு கெடக்கு. சுருங்கச் சொல்லி ரெண்டு மருந்து போய்க்கிட்டிருக்கு, கேக்க மாட்டேங்குது."

"அந்த மாத்திரைக்கும் இதுக்கும்..."

"அத கிட்னியக் காப்பாத்தவும் குடுப்பாங்க. ஆனா அதுவும் பிரஷர் மாத்திரைதாம்மா. குழாய விரிய வைக்கிறதுதான் அதோட வேலையே. ஆபரேஷனுக்கு முன்னாடி நிறுத்தச் சொல்றது முக்கியமா அதத்தான்."

"அதனாலதானா டாக்டர்?"

"இது சாப்பிட்டுட்டு வந்தவங்க எத்தனையோ பேரு ஒரு தொந்தரவும் இல்லாம எழுந்து போயிருக்காங்க. இத தொடாதவங்களுக்கும் இப்படி ஆகியிருக்கு. இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

அப்புறம் என்ன செய்யப் போகிறார்கள் என்று அவள் கேட்டாள். மூன்றாவதாக ஒரு மருந்தைச் சேர்க்கிறோம் என்றார். அதற்கும் மசியவில்லை என்றால் நீல நிறத்தில் ஒரு மருந்து இருக்கிறது, இந்த மாதிரி அடம்பிடிக்கிற பிரஷருக்குக் கடைசியாகப் போட்டுப் பார்ப்பது, போட்டால் தோல்கூடக் கொஞ்சம் நீலம் பாய்ந்த மாதிரி தெரியும், இரண்டு நாளில் போய்விடும், பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்றார். சொல்லிவிட்டு முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அம்மா குனிந்து பிஸ்கட் பொட்டலத்தைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தாள்.

"அத எதுக்கு போட்டோ எடுத்தாரு?"

"சும்மா, ஃபைலுக்கும்மா. எல்லாத்தையும் எழுதி வைக்கணுமாம்."

அந்த நிமிடமே அவள் முடிவு செய்துவிட்டாள். அப்பா பிழைக்கட்டும், பிழைக்காமல் போகட்டும், அம்மாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. முப்பத்தெட்டு வருஷம் ஒரு மனுஷனுக்கு நேரம் தவறாமல் சோறும் மாத்திரையும் கொடுத்த கை அது. அந்தக் கையாலேயே இதையும் கொடுத்தோம் என்று தெரிந்தால் அவள் அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி இருப்பாள்?

காலையில் நடந்தது கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நின்றது. மாஸ்டருக்குப் பச்சை அங்கியை மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். யாராக இருந்தாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவருடைய அண்ணன் கிட்னி கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் மிஷினோடு கட்டிப்போட்டது போலக் கிடந்து, ஒன்றுக்குப் பாதியாக இளைத்துத்தான் போய்ச் சேர்ந்தார். பக்கத்திலிருந்து பார்த்த மாஸ்டருக்கு அதிலிருந்து அந்த ஒரு மாத்திரை மேல் அப்படி ஒரு பிடிப்பு. மற்ற மாத்திரைகளை ஏமாற்றப் பார்ப்பார். இதை மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார்.

"எல்லாரும் நெஞ்சு நெஞ்சுன்னே பேசுறாங்க," என்றார் காலையில் கிசுகிசுப்பாக. "நடுவுல என் கிட்னிய யாரு பாத்துக்குவா? எடு அத."

"தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னாங்களே," என்று அம்மா தயங்கினாள்.

"ஒரு முழுங்குதான். நர்ஸ் வர்றாங்களான்னு பெரியவ பாத்துக்குவா."

பெரியவள் பார்த்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே வாசலில் காவல் நின்றாள். அம்மா சேலைத் தலைப்பில் மறைத்து மாத்திரையை வாயில் போட்டு, டம்ளரைச் சாய்த்தாள். மாஸ்டர் முழுங்கிவிட்டு, சிக்னலில் பச்சை விழுந்த மாதிரி கையை அசைத்துக் காட்டினார். இதுதான் நடந்தது. இதில் யாருக்கும் யார் மேலும் கெட்ட எண்ணம் இல்லை.

அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் நேரம் எண்களாகத்தான் நகர்ந்தது. முக்கால் மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து கதவைப் பாதி திறந்து, சராசரி பிரஷர் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனாள். நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐம்பத்தொன்று. எதிர் வரிசையில் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த டிவியில் சத்தமே இல்லாமல் யாரோ சுத்தியலால் ஒரு வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தரை துடைக்க வந்த அம்மாள் இவர்கள் காலை மட்டும் ஒதுக்கச் சொல்லாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். அந்தக் கரிசனத்தைப் பார்த்துத்தான் மகளுக்கு உள்ளுக்குள் ஏதோ விட்டுப்போனது.

"பாஸ் மார்க் எவ்வளவு?" என்றாள் அம்மா.

"என்ன?"

"நாப்பத்தஞ்சு, அம்பதுங்கிறாங்களே, எவ்வளவு வந்தா பாஸ்?"

"அறுபத்தஞ்சாவது வேணுமாம்."

"அவரு எல்லாத்துலயும் பார்டர் கேஸுதான்," என்றாள் அம்மா. "வந்துடுவாரு."

இரண்டு மணிக்கு நீல மருந்து போட்டாச்சு என்று சொன்னார்கள். இரண்டே முக்காலுக்கு எண் அறுபத்திரண்டு. நர்ஸே லேசாகச் சிரித்தாள். அம்மா அப்போதுதான் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துப் பாதி கடித்தாள். மகள் மீதிப் பாதியை வாங்கிச் சாப்பிட்டாள். காய்ந்துபோன வாயில் அது மாவு மாதிரி ஒட்டியது. தம்பிக்கு ஃபோன் போட்டு, ஏறிக்கிட்டிருக்குடா, நீ நிதானமா வா என்று சொன்னாள். அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறவன், மறுநாள் காலைக்குத்தான் வந்து சேர முடியும்.

மூன்றரைக்கு ஐம்பது. நாலு மணிக்கு நர்ஸ் வந்தாள், எண் சொல்லவில்லை. "டாக்டர் வருவாரு," என்றாள். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரும் மயக்க டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். இருவரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அம்மா கைப்பையின் ஜிப்பை மூடினாள். மூடிவிட்டு, சரி, கிளம்பலாம் என்கிற மாதிரி மகளைப் பார்த்தாள். அழவில்லை.

உடம்பை ஒப்படைக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அம்மா கழிவறைக்குப் போயிருந்த நேரம் மயக்க டாக்டர் மட்டும் திரும்பி வந்தார். வெளியே போடும் உடைக்கு மாறியிருந்தார், செருப்பு மட்டும் இன்னும் ஆபரேஷன் அறையின் ரப்பர் செருப்பு. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் நின்றே இருந்தவர் உட்காருகிற மாதிரி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அட்மிஷன் போடும்போது எங்க ஆளுங்க மாத்திரையோட பேரக் கேட்டிருக்கணும். நீங்க கிட்னி மாத்திரைன்னு சொன்னீங்க, அவங்க அப்படியே எழுதிட்டாங்க. நேத்து சாயங்காலம் நானும் அந்தப் பட்டியலப் பாத்தேன். கிட்னி மாத்திரைன்னு படிச்சேன். தாண்டிப் போயிட்டேன்."

அவள் அந்த ரப்பர் செருப்பையே பார்த்தாள்.

"உங்க அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா நாளைக்கு யாராவது எழுத்துல கேட்டா, நடந்தத நடந்தபடிதான் நான் எழுதணும். யாரு எப்போ குடுத்தாங்கங்கிறது உட்பட. அத மட்டும் தெரிஞ்சு வச்சுக்குங்க."

அவள் தலையாட்டினாள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா வருவதைப் பார்த்து எழுந்துகொண்டார்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். மாஸ்டரை முன் அறையில் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்து வரை வெள்ளை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்கள். உதடும் காதுமடலும் நகக்கண்ணும் நீலம். நெற்றியில்கூட, பேனா மை சிந்தித் துடைத்த சட்டை மாதிரி, லேசாக ஒரு நிறம் இருந்தது. போகும் என்று டாக்டர் சொன்னது உயிரோடு இருப்பவர்களுக்கு.

"என்னடி இது, இப்படி நீலம் பூத்துக் கெடக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா காதில் கேட்டாள்.

"மருந்துக்கா."

"என்ன மருந்தோ," என்றாள் அவள். அந்த நான்கு எழுத்து 'மருந்தோ' பத்து நிமிஷத்தில் வீடு முழுக்கச் சுற்றி வந்தது. ஆளுக்கு ஒன்று சேர்த்தார்கள். மருந்தை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று வாசலில் பேச்சு. அளவு தெரியாமல் ஏற்றிவிட்டார்கள் என்று மாடிப்படியில் பேச்சு.

தம்பி விடிந்ததும் வந்தவன். அப்பாவைப் பார்த்து அழுது முடித்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் மேலாவது பாய வேண்டும் போல் இருந்தான். சித்தப்பா அவன் பக்கத்திலேயே நின்றார். சித்தப்பா எந்த விஷயத்திலும் தீக்குச்சியோடுதான் வருவார், எண்ணெய் மட்டும் மற்றவர்கள் வைத்திருக்க வேண்டும்.

"ஆபரேஷன் சக்ஸஸ்ஸுங்கிறான், இதயம் நல்லா அடிக்குதுங்கிறான், அப்புறம் ஆளு எப்படிடா போவான்?" என்றார். "இதுல என்னமோ இருக்கு. மயக்கம் குடுக்கிறவன் கையிலதான் எல்லாம் இருக்கு. அவன் மேல ஒண்ணு எழுதிப் போடு. அண்ணி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

தம்பி ஏற்கெனவே கைப்பேசியில் எழுத ஆரம்பித்திருந்தான். "அக்கா, அந்த மயக்க டாக்டர் பேரு என்ன?"

"தெரியலடா."

தெரியும். அவர் சட்டையில் பெயர் அட்டை இருந்தது. பெயர் எழுதிய எதையும் படிக்காமல் விட அவளுக்குத் தெரியாது.

"நீ நாள் முழுக்க அங்கயேதான இருந்த? என்னதான் பாத்துக்கிட்டிருந்த?"

"டேய், இன்னிக்கு வேண்டாம். அப்பாவ அனுப்பி வச்சுட்டுப் பேசிக்கலாம்."

"அனுப்பி வச்சுட்டா அப்புறம் எத வச்சு நிரூபிக்கிறது?" என்றார் சித்தப்பா. "இந்த நிறத்த இப்பவே நாலு போட்டோ எடுத்து வைக்கணும்."

அவளுக்கு ஒரேயடியாக அசதியாக இருந்தது. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தியது. இவர்கள் எழுதிப் போடுவார்கள். அங்கிருந்து ஒரு பதில் வரும், காலை ஐந்து நாற்பதுக்கு மனைவி கையால் என்று. அதைத் தம்பி வாய்விட்டுப் படிப்பான். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் இவன் வாயில் எதுவும் நிற்காது. மாஸ்டரே சொல்லுவார், இவனுக்கு பிரேக் மட்டும் வைக்க மறந்துட்டான் கடவுள் என்று.

"கொஞ்சம் உள்ள வாடா," என்றாள் கடைசியில். சித்தப்பாவும் கூடவே வந்தார். அவரை வராதே என்று சொல்ல யாரால் முடியும். சமையலறையில் அடுக்கியிருந்த கடன் வாங்கிய நாற்காலிகளுக்கு நடுவே மூவரும் நின்றார்கள்.

"அது தப்பான மருந்து இல்ல. எறங்கிப்போன பிரஷர ஏத்துறதுக்குப் போட்டது. அவங்க முன்னாடியே சொல்லிட்டுத்தான் போட்டாங்க."

"பிரஷர் ஏன் எறங்குச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் அம்மா வந்து நின்றாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒரு வாய் சாப்பிடவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்தால் மரக்கட்டை மாதிரி நின்றாள்.

"அந்த மாத்திரை எதுக்குன்னு நெசத்தச் சொல்லு," என்றாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "மூணாவது தடவையா கேக்கிறேன். ஃபைலுக்கு, சும்மா, அப்படியெல்லாம் சொல்லாத. அவரு படிச்சாரு. படிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாரு. நான் என்ன குருடா?"

"எந்த மாத்திரை?" என்றான் தம்பி.

"நான் குடுத்தேன்டா. காலையில. அவரு கேட்டாரேன்னு."

முன் அறையில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அடுத்ததை யோசித்து வைத்துக்கொண்டு மகள் சொல்லவில்லை. அம்மாவின் அந்த வறண்ட கண்ணைப் பார்த்தாள், வாய் தானாகப் பேசிவிட்டது.

"அத நிறுத்தணும்னு நர்ஸ் என்கிட்ட சொன்னாங்கம்மா. ஃபோன்லயே சொன்னாங்க. பிரஷர் மாத்திரையும் நிறுத்தணும், கிட்னி மாத்திரையும் நிறுத்தணும்னு பேரச் சொல்லித் தெளிவா சொன்னாங்க. நான்தான் ஒண்ண மட்டும் உங்ககிட்ட சொன்னேன். இன்னொண்ண மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"ஆஃபீஸ்ல இருந்தேன். யாரோ கூப்பிட்டாங்க. மறந்துட்டேன்."

அதில் முக்கால் பங்கு உண்மை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மூடியில் பெயர் எழுதியது அவள். வாசலில் காவல் நின்றது அவள். மீதிக் கால் பங்குப் பொய்யை ஏற்றுக்கொள்வதில் பெரிய கஷ்டம் இல்லை.

அம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தக் கண்ணில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னவோ வந்து நிறைந்தது.

"நான் குடுக்கிறப்ப நீ பாத்துக்கிட்டுதான நின்ன?"

"ஆமா."

"பல்லக் காட்டிக்கிட்டு நின்ன."

"ஞாபகமே வரலம்மா."

"ஒரு வார்த்த," என்றாள் அம்மா. "ஒரே ஒரு வார்த்த. சொல்றதுக்கு உனக்கு வாய் வலிச்சுதா? உப்பு டப்பாவுக்கு, சோப்பு டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டுவியேடி. இத ஒரு துண்டுச் சீட்டுல எழுதி என் கையில குடுத்திருந்தா..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வாய் கோணியது. அப்படியே திரும்பித் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நேற்றிலிருந்து எங்கோ அடைத்துக் கிடந்தது அவ்வளவும் பெருங்குரலாக வந்தது. "என் கையால குடுக்க வச்சுட்டாளேடா. தெரிஞ்சா குடுத்திருப்பேனா நானு? தெரிஞ்சா குடுத்திருப்பேனாடா?"

"நீ என்னம்மா பண்ணுவ? உனக்கு எப்படித் தெரியும்?" என்று தம்பியும் அழுதான். அம்மாவின் தலைக்கு மேலே அக்காவைப் பார்த்தான். "நெசமாவாக்கா?"

"நெசம்தான்."

அம்மா அழுதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அம்மா தன் பக்கம் திரும்பவே இல்லை. போய் அவள் முதுகில் கை வைக்க வேண்டும் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். தம்பி அவள் கையைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள்.

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். தீக்குச்சி நனைந்துபோன ஆளாக இருந்தார் இப்போது. "சரி சரி. வீட்டுக்குள்ளயே ஆயிப்போச்சு. வெளிய மூச்சு விட வேண்டாம். எழுதினத அழிச்சுடு," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, நாற்காலி இரண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போகிற போக்கில் அவளைப் பார்க்காமலேயே, "படிச்ச பொண்ணு," என்றார்.

வண்டி மூன்று மணிக்கு வந்தது. மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்கள் சொல்லிவைத்தது போல அவரவர் காரோடு வந்திருந்தார்கள். தெரு முனைவரை ஒரே வரிசை. ஒருவரும் குறுக்கே நிறுத்தவில்லை. எல்லாச் சக்கரமும் ஓரக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, கோடு போட்ட மாதிரி நின்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

முதல் காரில் அம்மாவைத் தம்பி கையைப் பிடித்து ஏற்றினான். மகள் மறுபக்கக் கதவைத் திறந்தாள். அம்மா திரும்பவில்லை. தம்பிதான் சொன்னான். "அக்கா, நீ பின்னாடி ஏதாவதுல வா."

பின்னாடி என்றால் எல்லாவற்றுக்கும் பின்னாடி, கடைசியில்தான் இடம் இருந்தது. கணக்கு டீச்சரின் சின்னக் கார். டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. நான்கு தடவை டெஸ்டில் தோற்று, ஐந்தாவது தடவை போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினார். மற்றவர்கள் யாரும் அவர் காரில் ஏற முன்வரவில்லை.

"உக்காரும்மா. நான் மெதுவாத்தான் போவேன்," என்றார் டீச்சர். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். கண் சிவந்திருந்தது. "கண்ணாடி பாத்தாச்சு. சிக்னல் போட்டாச்சு. திரும்பி ஒரு தடவ பாத்தாச்சு," என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இரண்டு தெரு போனார்கள். வரிசை முன்னால் நீண்டு போய்க்கொண்டிருந்தது. முதல் காரின் பின்கண்ணாடி வெயிலில் பளபளத்தது. உள்ளே யார் தலை எது என்று தெரியவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, இரண்டும் வரவில்லை.

பெரிய சாலையில் சேருகிற ஏற்றத்தில் டீச்சர் கிளட்சை விட்டுவிட்டார். கார் ஒரு குலுக்கு குலுக்கி அப்படியே நின்றுபோனது. முன்னால் இருந்த கார்கள் திரும்பிப் போய்விட்டன. பின்னால் ஒரு லாரி. அதன் ஹாரன் காதைப் பிளந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு ஹாரன். டீச்சர் சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்பினார்.

மகள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே நீட்டி உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டினாள். நான்தான், என் தப்புதான், கொஞ்சம் பொறுங்க என்று சொல்வதுபோல.

ஹாரன் நின்றது.

டீச்சர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாஸ்டரும் இப்படித்தாம்மா," என்றார் கொஞ்சம் கழித்து. "வண்டிய நிறுத்திப் போடுறது நானு. கைய நீட்டுறது அவரு."

"ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்," என்றாள் அவள். "அவசரம் இல்ல."

லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். வெயில் அவள் உள்ளங்கையில் சுட்டது. அவள் கையை உள்ளே எடுக்கவில்லை.